பன்னெண்டாம் நம்பர் பேட்

…இல்ல சார், நான் கேக்கறேன், மேடையில பொண்ணு மாப்ள நிக்கறாங்க, கீழ முந்நூறு பேரு உட்கார்ந்திருக்காங்க, பாட்டு பல்லவி முடிஞ்சு சரணத்துக்குத் திரும்புது… அந்த நேரத்துல ஒரு லேப்டாப் 'அப்டேட் பண்ணிக்கட்டுமா'ன்னு கேக்கலாமா? கேக்கலாமாங்கறேன்! சரி, கேட்டுட்டுப் பதிலுக்காவது காத்திருக்கா? அதுவா ஆரம்பிச்சிடுது. ஒரு நீல ஸ்கிரீன், அதுல ஒரு வட்டம் சுத்துது. நாங்க ஆறு பேரு அந்த வட்டத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறோம். பாடற பொண்ணு பாவம், மைக்கைப் புடிச்சுக்கிட்டு லா லா லான்னு எட்டு நிமிஷம் இழுத்தா. எட்டு நிமிஷம் சார்! அப்புறம் ஒரு வாரம் அவளுக்குத் தொண்டையே இல்ல.

உட்காருங்க, ஏன் நிக்கறீங்க? அது வேணாம், அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. அந்த லேப்டாப் பையைக் கீழ வைங்க சார், நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன். நாவலூர்லேர்ந்து மேடவாக்கம் ட்ராஃபிக்ல நசுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க முதல்ல.

மணி என்ன? அஞ்சா? நல்லது. விஷயம் என்னன்னா, அஞ்சரைக்குள்ள இந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போயிடணும். என் வொய்ஃப் வர்றா இன்னிக்கி. பதினோரு நாளா தங்கச்சி வீட்ல இருந்தா. அவ வந்து செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி இது போயிருக்கணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க. விலையெல்லாம் நீங்க சொல்றதுதான்.

நான் யாருன்னு சொல்லவே இல்லயே. ஜெயகிருஷ்ணன். பகல்ல பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டண்ட், முகூர்த்த நாள்ல வசந்தம் ஆர்கெஸ்ட்ராவுல ரிதம். முப்பது வருஷமா. சிட்லபாக்கத்துல எந்தத் தெருவுல வேணா கேளுங்க, 'தபேலா ஜெயகிருஷ்ணனா'ம்பாங்க. தபேலாவை விட்டு ரொம்ப நாளாச்சு, இருந்தாலும் அந்தப் பேரு போகலை.

இதான் சார் பெட்டி. பார்க்க என்ன, சாப்பாட்டு ட்ரே சைசு. பதினாறு ரப்பர் பேட். எந்தச் சத்தத்தைக் காமிச்சாலும் அப்படியே புடிச்சு உள்ள வெச்சுக்கும், பேட்டைத் தட்டினா திருப்பிக் குடுக்கும். அவ்ளோதான் வேலை. மெயில் பார்க்காது, படம் ஓட்டாது. பாஸ்வேர்டு காலாவதி ஆயிடுச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காது. தட்டினா அடுத்த நொடி சத்தம். உங்க லேப்டாப்ல தட்டினா? தட்டிட்டு, மூக்கைச் சொறிஞ்சிட்டு வரலாம், அப்புறம்தான் 'டும்'மு வரும். இன்னொண்ணு கேளுங்க. இதை ஆஃப் பண்ணி, ஒரு மாசம் பரண்ல போட்டு, எடுத்து ஆன் பண்ணுங்க. கடைசியா எங்க விட்டீங்களோ அங்கேயே நிக்கும் சார்! நகராது. அதான் இதோட அழகே.

என்னது? இவ்ளோ நல்ல பெட்டியை ஏன் விக்கறேன்னா? கேக்காதீங்கன்னு சொன்னேனே சார்.

ரவின்னு என் மச்சினிச்சி பையன். சுஜியோட பையன். உங்கள மாதிரிதான், ஐ.டி. கீபோர்டு நல்லா வாசிப்பான், அதனால நானேதான் ஆர்கெஸ்ட்ராவுல சேர்த்துவிட்டேன். அவனுக்கு எல்லாமே லேப்டாப்தான். வயலின் நாப்பது பேரு உள்ள இருக்காங்க பெரியப்பாம்பான். இருக்கட்டும்டா, நாப்பது பேரையும் ஒரு ஃபேனை வெச்சு ஆத்தறியே, அது ரோடு ரோலர் மாதிரி சத்தம் போடுதேம்பேன். ஒரு தடவை, பல்லாவரத்துல ஒரு ரிசப்ஷன். மெலடி போயிட்டிருக்கு. திடீர்னு ரெண்டு பெரிய ஸ்பீக்கர்லயும் ஒரு ஆம்பளக் குரல்: 'ரவி, ஆர் யூ தேர்? ரவி, யூ ஆர் ஆன் மியூட்!' அவனோட மேனேஜர் சார்! மீட்டிங்குல இருக்காரு அந்தாளு! மாப்ளயோட அப்பா பாவம், யாரோ பெரிய மனுஷன் வந்திருக்காருன்னு மாலையைத் தூக்கிக்கிட்டு மேடையைச் சுத்திச் சுத்தி வர்றாரு.

அன்னிக்குத்தான் இதை வாங்கினேன். வாங்கின நாள்லேர்ந்து நான் மனுஷனாவே இல்ல. காதுல பட்டதையெல்லாம் புடிச்சேன். குக்கர் விசிலு. பஞ்சர் கடையில காத்துப் புடிக்கற சத்தம். எதிர்வீட்டு இரும்பு கேட்டு… அது அருமையான கேட்டு சார், ஷெனாய் மாதிரி திறக்கும். அவங்க எண்ணெய் போட்டுட்டாங்க, அதுக்காக ஒரு மாசம் அவங்களோட பேசலை நான். வீட்டுல சுந்தரி… என் வொய்ஃப், திரிபுரசுந்தரி… அவ சொல்லுவா, 'ஏங்க, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நான் சொன்ன எதையும் நீங்க இவ்ளோ கவனமா கேட்டதில்ல'ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. நல்ல பொம்பள சார்.

இந்தப் பேட்ல வெள்ளையா இருக்கே, அது அடையாளத்துக்கு வெச்ச அவளோட நெயில் பாலிஷ். ஏன்னா இதுல பேரு எழுத முடியாது. ஸ்கிரீன் தீப்பெட்டி சைசு, நம்பர்தான் வரும். பதினாறு பேட், நாலு பேங்க், பேங்க்கை மாத்தினா அதே பேட்ல வேற சத்தம். ஏ, பி, சி, டி. அறுபத்துநாலு சத்தம். அறுபத்துநாலும் இங்க இருக்கு, என் தலையில. ரவி கேப்பான், 'பெரியப்பா, லேப்டாப்ல பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரு போட்டிருக்கு, கண்ணுல தெரியுது, தப்பே நடக்காது.' அதுக்கு நான் என்ன சொல்லுவேன்? 'போடா, இந்தப் பெட்டி என்னிக்காவது தப்பு பண்ணிச்சுன்னா அன்னிக்கி மேடையிலேயே மீசையை எடுத்துடறேன்டா.' எல்லாருக்கும் முன்னாடி சொல்லியிருக்கேன் சார். ஒரு தடவை இல்ல.

ம்? இல்ல, மீசை இருக்கு. பார்க்கறீங்கல்ல.

சாப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. ரவை இருக்கு, ஒரு உப்புமா கிண்டிடறேன். பதினோரு நாளா அதான், இப்ப கண்ணைக் கட்டிவிட்டாலும் கிண்டுவேன். நீங்க பாட்டுக்குத் தட்டிப் பாருங்க, ஸ்பீக்கர் போட்டுத்தான் இருக்கு. கூச்சப்படாதீங்க. ஏ பேங்க்ல தட்டுங்க. ஏ மட்டும். பி பக்கம் போக வேணாம், அதுல ஒண்ணும் இல்ல, குப்பை.

கேக்குதா நான் பேசறது? கிச்சன்லேர்ந்து பேசறேன்! என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், கல்யாணம். போன மாசம் விஷ்ணுப்ரியா கல்யாணம். ரவியோட தங்கச்சி, எங்க சுஜி பொண்ணு. சேலையூர் பக்கத்துல மண்டபம். எண்ணெய் எங்க வெச்சேன்… ஆங். ஏழரை ஒம்பது முகூர்த்தம். மேளக்காரங்க வர்ற வேனு பெருங்களத்தூர்ல மாட்டிக்கிச்சு! லீவு முடிஞ்சு ஊரே திரும்புது அன்னிக்கி. எட்டரை ஆச்சு, எட்டேமுக்கால் ஆச்சு, வேனு நகரவே இல்ல. மிளகாய் காரம் ஓகேதானே உங்களுக்கு? நாலு கிள்ளிப் போடறேன். சுஜி அழ ஆரம்பிச்சிட்டா. மேளம் இல்லாம தாலி எப்படிக் கட்டறது? நான்தான் சொன்னேன், 'ஏன்மா அழற, மாமா இருக்கேன்.' இந்தப் பெட்டியில ஒரிஜினல் கெட்டிமேளம் இருக்கு சார், நாலு கல்யாணத்துல நானே போய்ப் புடிச்சது. ரவி ஓடி வந்தான், 'பெரியப்பா, லேப்டாப்ல ரெடியா இருக்கு, கெட்டிமேளம்னு பெருசா எழுதியே வெச்சிருக்கேன்'னான். 'தாலி கட்டற நேரத்துல அப்டேட் கேட்டா என்னடா பண்ணுவே'ன்னு சொல்லி, அவன் ஒயரைப் புடுங்கிட்டு என் ஒயரைச் சொரு…

சுந்தரி!

சுந்தரி, வந்துட்டியா? இவ்ளோ சீக்கிரம்… இரு இரு, ஹாலுக்கு வராத, அப்படியே நில்லு, ஒரு சார் வந்திருக்காரு…

எங்க? எங்க சார் அவ? இப்பத் தும்மினாளே.

…ஓ.

பி பேங்க்ல போய்ட்டீங்க. பன்னெண்டாம் நம்பர். போகாதீங்கன்னேனே சார்.

இல்ல, பரவால்ல. ஒண்ணுமில்ல. உங்க மேல தப்பு இல்ல. ஒரு நிமிஷம்… கண்ணுல மிளகாய் நெடி. ஸ்விட்சு எங்க இருக்கு, ஒயரைப் புடுங்கிடறேன் முதல்ல. இப்படி ரெண்டாவது தடவை தாங்காது எனக்கு.

ஆமா. அவதான். அவ தும்மல்தான் அது.

ஒரு நாள் காலையில தாளிப்புச் சத்தம் புடிக்கலாம்னு அடுப்புக்கிட்ட மைக்கை நீட்டிக்கிட்டிருந்தேன். அவ மிளகாயைப் போட்டா, நெடி ஏறிச்சு, 'ஹா… ஹாஆ… ஹ்ராச்சும்மா!' அவளுக்குத் தும்மல்னா சாதாரணமா வராது சார். கடைசியில ஒரு 'ம்மா' வரும். எங்க சொந்தத்துல அது ரொம்பப் பிரசித்தம். மண்டபத்துக்கு வெளிய நின்னாலே 'சுந்தரி வந்துட்டா'ம்பாங்க. அதை ஒரு டான்ஸ் பாட்டுக்கு ரெண்டாவது தட்டுல போட்டுப் பார்த்தேன். ஐயோ! எந்த ட்ரம்முலயும் அந்த அடி வராது! ஏழு ரிசப்ஷன்ல ஜனங்க என் பொண்டாட்டி தும்மலுக்கு ஆடியிருக்காங்க சார். ஒரு தடவை அவளே முன் வரிசையில உட்கார்ந்து தொடையைத் தட்டித் தாளம் போட்டா. அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அப்ப எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

சரி, இவ்ளோ கேட்டாச்சு, மிச்சத்தையும் கேளுங்க. கெட்டிமேளம் எதுக்குக் கொட்டறாங்க? தாலி ஏறற நேரத்துல யாராவது தும்மினா, அபசகுனமா ஏதாவது காதுல விழுந்தா, அது கேக்கக்கூடாதுன்னுதானே? அதுக்காகத்தானே அந்த மேளமே!

கெட்டிமேளம் ஏ பேங்க்ல பன்னெண்டு. தும்மல் பி பேங்க்ல பன்னெண்டு. முதல் நாள் ரிசப்ஷன்ல கடைசிப் பாட்டு டான்ஸ் பாட்டு. பி பேங்க்ல வாசிச்சேன், ஆஃப் பண்ணினேன், தூங்கப் போயிட்டேன். கடைசியா எங்க விட்டமோ… ஆமா சார். அங்கேயே நின்னுச்சு.

ஐயர் தாலியை எடுத்துக் குடுக்கறாரு. மாப்ள குனியறாரு. ஸ்ரீரங்கன்னு எங்க பெரிய சகலை, அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டறாரு, 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' நான் ஓங்கித் தட்டினேன். ரெண்டு பெரிய ஸ்பீக்கர், ஃபுல் வால்யூம். ரிசப்ஷனுக்குப் போட்ட எக்கோவை வேற எடுக்கலை. 'ஹ்ராச்சும்மா… ச்சும்மா… ம்மா…' மண்டபம் பூரா உருண்டுச்சு சார்! மாப்ள கை அப்படியே நடுவுல நின்னுடுச்சு. நான் அடுத்த செகண்டே ஏ பேங்குக்கு மாத்தி மேளத்தைக் கொட்டிட்டேன். கொட்டி என்ன? கேட்டது கேட்டதுதான்.

அத்தனை பேரும் திரும்பினாங்க. என்னையா பார்த்தாங்க? இல்ல! சுந்தரியை! கையில அட்சதையை வெச்சுக்கிட்டு முன்னாடி நிக்கறா. அந்தத் தும்மலுக்கு இந்த உலகத்துல வேற யாரு சொந்தக்காரி? பாவம், ஆசீர்வாதம் பண்ண வாயைப் பாதி திறந்து வேற வெச்சிருந்தா.

அப்பவே நான் எழுந்து நின்னு சொல்லியிருக்கணும். 'அவ இல்லங்க, என் பெட்டி'ன்னு. நாலே வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு சார். எதிர்ல ரவி, லேப்டாப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறான். மீசை ஞாபகம் வந்துச்சு. குனிஞ்சு இன்னும் ஓங்கி மேளத்தைக் கொட்டினேன்.

அன்னிலேர்ந்து அந்தப் புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு என்ன ஆனாலும் சுந்தரி தலைலதான். மாப்ள வண்டி பஞ்சரா? பெரியம்மா தும்மினாங்க. கேஸ் சிலிண்டர் லேட்டா? பெரியம்மா தும்மினாங்க. கொடைக்கானல்ல மழையாம் சார், அதுக்கும் இவதான். கொடைக்கானல்ல மழை பெய்யாம என்ன பெய்யும்?

அவ சண்டை போட்டிருந்தாகூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவ என்ன பண்ணா தெரியுமா? நம்பிட்டா! 'நானேதான் தும்மியிருக்கேன் போல, எனக்கே தெரியலையேங்க'ன்னு ஒரே அழுகை. மூக்கு டாக்டர்கிட்ட போனோம். நான்தான் சார் வண்டியில உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்! டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, 'தும்மினது தனக்கே தெரியாம யாரும் தும்ம முடியாதும்மா'ன்னாரு. எவ்ளோ நல்ல சான்ஸ்! நான் என்ன சொன்னேன்? 'சில பேருக்கு அப்படி இருக்கும்ல டாக்டர்?' சொல்லிட்டு வெளிய வந்து எனக்கே என் மூஞ்சியில துப்பணும்போல இருந்துச்சு.

மாப்ள வீட்ல பரிகாரம் பண்ணச் சொல்லிட்டாங்க. இரும்புலியூர்ல சுஜி வீட்டுக்குப் பக்கத்துல பிள்ளையார் கோயில். பதினோரு நாள், தினம் நூத்தியெட்டுச் சுத்து. அவளுக்கு முட்டி வலி சார். இந்த மூணு படி ஏறவே கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஏறுவா. அவ சுத்தறா, நான் இங்க உட்கார்ந்து உப்புமா திங்கறேன். தினமும் போன் பண்ணி 'உங்களுக்கு பிபி மாத்திரை இருக்கா'ன்னு கேக்கறா. எனக்கு!

என்ன சொல்றீங்க? அழிச்சிட்டாப் போச்சா? அழிக்கத் தெரியாம இல்ல சார். ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கணும். அமுக்கினேன். 'நிச்சயமா?'ன்னு கேட்டுச்சு. லேப்டாப்தான் கேள்வி கேக்கும்னு நெனச்சிட்டிருந்தேன், இதுவும் கேக்குது. விரல் போகலை சார். கல்யாணத்துலேர்ந்து அவ தும்மறதே இல்ல. வந்தா மூக்கைப் புடிச்சு, மூச்சை அடக்கி, கண்ணு ரெண்டும் செவந்து போய் நிக்கறா. அந்தத் தும்மல் இப்ப இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதை எப்படி சார் நான் அழிப்பேன்? வீட்ல வெச்சுக்கவும் பயம், அழிக்கவும் மனசு வரலை. அதான், யாராவது ஒரு நல்ல மனுஷன் எடுத்துக்கிட்டுப் போயிடட்டும்னு… நீங்க அழிக்க மாட்டீங்கல்ல? பி பேங்க், பன்னெண்டு. அதை மட்டும் விட்டுடுங்க சார். உங்க லேப்டாப்ல வேணா ஒரு காப்பி போட்டு வெச்சுக்கோங்க. ஆமா, லேப்டாப்லதான். சிரிக்காதீங்க.

நீங்க ஏன் சார் இருமறீங்க? ஏசி ஆளுங்களுக்கு எங்க ஏரியா தூசி ஒத்துக்க மாட்டேங்குது. நான் சொல்ல வந்தது என்னன்னா…

சார்! என்ன சார் நீங்க! இவ்ளோ சொல்லியும் மறுபடியும் அதையே தட்டறீங்க! மனுஷன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டிருக்கேன்…

தட்டலையா? கையைத் தூக்கிக் காமிக்கறீங்க… அப்ப… ஒயரைப் புடுங்கிட்டேனே நான். பெட்டி ஆஃப்லதானே இருக்கு. பின்ன எப்படி…

ஐயையோ, என்ன இது புகை! மிளகாய்! அடுப்பை அணைக்கவே இல்லையே நான்! மணி என்ன சார்? அஞ்சேமுக்காலா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீங்க?

…சுந்தரி.

எப்பம்மா வந்த? வாசல்லயே நின்னுட்டியே. முட்டி எப்படி இருக்கு? உட்காரு… அந்தச் சேர்ல வேணாம், கால் ஆடும். கையில என்ன, பிரசாதமா? எவ்ளோ நேரமா நிக்கற? டாக்டர் விஷயத்தைச் சொன்னதுலேர்ந்தா? இல்ல… மீசைலேர்ந்தா?

சார், எங்க கிளம்பறீங்க? உட்காருங்க சார்! ஒரு அஞ்சு நிமிஷம் கூட இருங்க சார், ப்ளீஸ்! பெட்டியைச் சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க! லேப்டாப்தான் ஒசத்தி, ஒத்துக்கறேன், எழுதிக்கூடத் தர்றேன்! சார்!

…போயிட்டாரு. உப்புமா கூட சாப்பிடலை.

என்ன சுந்தரி, போனை ஏன் எடுக்கற? யாருக்கு, சுஜிக்கா? வீடியோ காலா? ரவியையும் கூப்பிடச் சொல்றியே… மாப்ள வீட்டுக்காரங்களையுமா? எதுக்கும்மா அவ்ளோ பேரு?

நானேவா? எல்லாரும் பார்க்க நானே தட்டணுமா?

சரி. தட்டறேன். நியாயம்தான். இரு, ஒயரைச் சொருகிக்கறேன். வால்யூம்? ஃபுல்லா வெக்கணுமா? வெக்கறேன். பி பேங்க்… பாரு, அங்கேயேதான் நிக்குது. பன்னெண்டு.

ரெடி. சொல்லு… என்னது, விரலைத் தூக்கி ஆட்டறே? கெட்டிமேளமா?

சரி, சரி. கொட்டறேன்.